கெட்ட செய்தி சீக்கிரம் வரட்டும்

ஒரு சாஃப்ட்வேர் டீம் நன்றாக நடக்கிறதா என்று தெரிந்துகொள்ள நான் பார்ப்பது ஒன்றே ஒன்றுதான். அங்கே ஒரு பிரச்சினை முளைத்தால், அது லீடின், அதாவது அந்த டீமை நடத்துகிறவரின், காதுக்கு வந்து சேர எவ்வளவு நேரம் ஆகிறது? காலையில் கண்ட பிழை மதியத்துக்குள் வந்துவிடுகிறது என்றால், மற்ற குறைகளைப் போகப்போகச் சரிசெய்துகொள்ளலாம். ரிலீஸுக்கு முந்தின நாள் ராத்திரிதான் வருகிறது என்றால், எவ்வளவு திறமைசாலிகள் உட்கார்ந்திருந்தாலும் அந்த டீம் கஷ்டப்படப் போகிறது.

சென்னையின் ஐ.டி. சாலையான ஓ.எம்.ஆரில் பல வருடங்கள் டெவலப்பராக இருந்துவிட்டு லீடாக ஆனவள் நான். பெரும்பாலும் அமெரிக்க ஹெல்த் இன்சூரன்ஸ் கம்பெனிகளுக்கான க்ளெய்ம் (சிகிச்சைச் செலவைக் கேட்டு வரும் விண்ணப்பம்) சிஸ்டம்களில் வேலை. லீடாகப் போகிறவர்களுக்குக் கம்பெனியில் பயிற்சி வைப்பார்கள். எஸ்டிமேஷன் (வேலைக்கு எவ்வளவு நாள் ஆகும் என்ற கணிப்பு), ரிஸ்க் ரெஜிஸ்டர் (என்னென்ன தவறலாம் என்ற பட்டியல்), கிளையன்ட்டிடம் பேசும் முறை எல்லாம் வரும். எல்லாமே தேவைதான். ஆனால் டீமில் ஒருத்தர் தயங்கித் தயங்கி நம் சீட்டுக்கு வந்து, "அக்கா, ஒரு நிமிஷம்" என்று நிற்கும்போது என்ன பேச வேண்டும் என்பதை அங்கே யாரும் சொல்லித் தருவதில்லை. லீடின் வேலையில் பாதி அந்த ஒரு நிமிடத்தில்தான் இருக்கிறது என்பது என் அனுபவம்.

அதை நான் கற்றது எனக்கு மேலே இருந்த இரண்டு லீடுகளைப் பார்த்து. முதலாமவர் தொழிலில் பெரிய கெட்டிக்காரர். நாங்கள் அரை நாள் தேடும் பிழையை லாக்கை (சிஸ்டம் எழுதிவைக்கும் பதிவை) பார்த்தே சொல்லிவிடுவார். ஆனால் புரொடக்‌ஷனில், அதாவது கிளையன்ட் நிஜமாகப் பயன்படுத்தும் சிஸ்டத்தில், ஏதாவது விழுந்தால் அவர் வாயில் வரும் முதல் கேள்வி, "யாரு பண்ணது?" அதுவும் அந்த பே (எங்கள் சீட் வரிசை) முழுக்கக் கேட்கிற குரலில். கொஞ்ச நாளிலேயே எல்லாரும் ஒரு பழக்கத்துக்கு வந்துவிட்டோம். பிழை கண்ணில் பட்டால் வாயைத் திறப்பதில்லை. எல்லாரும் கேப் (கார்) பிடித்துப் போனபிறகு உட்கார்ந்து தானே சரிசெய்யப் பார்ப்பது. முடியாவிட்டால், அது வேறு யார் தலையிலாவது விடியும்வரை காத்திருப்பது. வாராவாரம் கிளையன்ட்டுக்குப் போகும் ஸ்டேட்டஸ் அறிக்கையில் எல்லாக் கட்டமும் பச்சை. இதைத் துறையில் தர்பூசணி அறிக்கை என்பார்கள், வெளியே பச்சை, வெட்டினால் சிவப்பு. அதை நிரப்பிய எங்களில் யாரும் மோசமானவர்கள் இல்லை. உண்மையைச் சொன்னால் என்ன கிடைக்கும் என்று எங்களுக்குத் தெரிந்திருந்தது, அவ்வளவுதான்.

அடுத்து வந்தவர் மதுரைக்காரர். அவரிடமும் பிரச்சினைகள் போயின. அவருடைய முதல் கேள்வி, "யாருக்கெல்லாம் பாதிப்பு?" இரண்டாவது, "இப்பவே நிறுத்தணுமா, ஓட விடலாமா?" எப்படி நடந்தது என்ற பேச்சு மறுநாள்தான் வரும். அப்போதும் "நீ ஏன் பார்க்கல?" என்று கேட்க மாட்டார், "இது நம்ம கண்ணுல படாம எப்படிப் போச்சு?" என்று கேட்பார். அதே ஆட்கள், அதே கிளையன்ட், அதே பழைய புரோகிராம் கோட். ஆறு மாதத்துக்குள் டீமின் பேச்சே மாறிவிட்டது. ஸ்டாண்டப்பில், அதாவது தினசரிச் சின்னக் கூட்டத்தில், ஆட்கள் தாங்களாகவே "இது எனக்குப் புரியல" என்று சொல்ல ஆரம்பித்தார்கள்.

கெட்ட செய்தியோடு வருகிறவர் மனசுக்குள் ஏற்கெனவே பலமுறை தன்னைத் திட்டிக்கொண்டுதான் வருகிறார். நம் முதல் வாக்கியம் அவர் அடுத்த முறை வருவாரா என்பதைத் தீர்மானிக்கிறது. அவர் மட்டும் இல்லை, பக்கத்து சீட்டில் ஹெட்ஃபோன் போட்டுக்கொண்டு கேட்காத மாதிரி இருக்கிற நாலு பேரும் அந்த வாக்கியத்தைக் கேட்டுத்தான் முடிவு செய்கிறார்கள்.

நான் லீடான பிறகு நடந்த ஒரு விஷயத்தைக் கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன். ஒரு வெண்டாரிடமிருந்து (டேட்டா அனுப்பும் வெளிக் கம்பெனி) தினமும் ராத்திரி எங்களுக்கு க்ளெய்ம் ஃபைல் வரும். அமெரிக்க வழக்கப்படி அதில் இருக்கும் தேதிகளில் மாதம் முதலில், நாள் பிறகு. வெண்டார் தன் சிஸ்டத்தை மாற்றியபோது நாள் முதலில், மாதம் பிறகு என்று வர ஆரம்பித்தது. எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. எங்கள் புரோகிராம் பழையபடியே மாதத்தை முதலில் படித்தது. 25/03 என்று வந்தால் 25-ஆம் மாதம் என்று ஒன்று கிடையாது, எனவே அந்த வரி ரிஜெக்ட் ஆகிவிடும். ஆனால் 03/04 என்று வந்தால்? ஏப்ரல் 3-ஆம் தேதி சிகிச்சை, மார்ச் 4 என்று சத்தமில்லாமல் உள்ளே போய்விடும். ரிஜெக்ட் எண்ணிக்கை கூடியது. ஆனால் தினமும் கொஞ்சம் ரிஜெக்ட் ஆவது சகஜம் என்பதால் அது யாருக்கும் பெரிதாகத் தெரியவில்லை.

கண்டுபிடித்தது திருவாரூர்ப் பக்கத்துப் பையன் ஒருவன், கல்லூரி முடித்து வந்த முதல் வேலை. ரிஜெக்ட் ஆன வரிகளைப் பார்த்துக்கொண்டிருந்தவனுக்கு, எல்லாவற்றிலும் நாள் 12-க்கு மேலேயே இருப்பது உறுத்தியிருக்கிறது. அப்படியென்றால் 12-க்குள் இருக்கிற தேதிகள் எங்கே போயின என்று அவனுக்குத் தோன்றிய அந்தக் கேள்விக்குத்தான் முழு மதிப்பெண். தேதியைப் படிக்கும் அந்தத் துண்டு கோட் அவனே எழுதியது. மாலை டீ நேரத்தில் வந்து, "அக்கா, நான் எழுதினதுதான், தப்பா லோட் ஆகியிருக்குன்னு நினைக்கிறேன்" என்றான்.

யாருக்கெல்லாம் பாதிப்பு என்று உட்கார்ந்து பார்த்தோம். மருத்துவமனைகள் சிகிச்சை நாளிலிருந்து ஒரு காலக்கெடுவுக்குள் க்ளெய்ம் அனுப்ப வேண்டும். தேதி முன்னதாகப் பதிவாகிவிட்டால், சரியான நேரத்தில் வந்த க்ளெய்மும் தாமதம் என்று நிராகரிக்கப்படும். உடம்பு சரியில்லாத ஒருவருக்கு நிராகரிப்புக் கடிதம் போகும். நல்லவேளையாகக் கடிதங்கள் வார இறுதியில் மொத்தமாக ஓடும் பேட்ச்சில்தான் அச்சாகும். நாங்கள் பேசிக்கொண்டிருந்தது வியாழக்கிழமை. அன்றைக்கே ராத்திரி ஜாபை (ஃபைலை ஏற்றும் தானியங்கி வேலையை) நிறுத்திவைத்தோம், கிளையன்ட்டைக் கூப்பிட்டுச் சொன்னோம், பாதிக்கப்பட்ட வரிகளைப் பிரித்தெடுத்தோம். கடிதம் ஒன்றுகூட வெளியே போகவில்லை. அவன் இன்னும் ஒரே ஒரு நாள் பயந்து உட்கார்ந்திருந்தால் போயிருக்கும்.

மறுவாரம் டீம் மீட்டிங்கில் அவனுக்கு நன்றி சொன்னேன், என்ன செய்தான் என்பதை விளக்கி. வெறுமனே "நல்ல வேலை" என்றால் யாருக்கும் ஒன்றும் புரியாது. "தன் கோட்டில் இருக்கிற சந்தேகத்தைத் தானே கொண்டு வந்தான், அதனால் இத்தனை பேருடைய க்ளெய்ம் தப்பித்தது" என்றால்தான் மற்றவர்களுக்கும் வழி தெரியும். பிறகு செய்தவை சாதாரண விஷயங்கள்தான்: வருடம், மாதம், நாள் என்ற ஒரே வரிசையில்தான் தேதி வர வேண்டும் என்று வெண்டாரிடம் எழுதி வாங்கினோம், டெஸ்ட் டேட்டாவில் 12-க்குள்ளும் 12-க்கு மேலும் இருக்கும் தேதிகளைச் சேர்த்தோம், ரிஜெக்ட் விகிதம் வழக்கத்தைவிட ஏறினால் அலாரம் வரும்படி வைத்தோம்.

மனிதர்கள் சொல்லத் தயாராக இருந்தாலும், செய்தி வருகிற வழி அடைபட்டிருந்தால் பலன் இல்லை. இதற்குத் துறையில் எல்லாரும் அறிய வேண்டிய இரண்டு சம்பவங்கள் உண்டு. 2012 ஆகஸ்ட் 1 அன்று, அமெரிக்காவின் நைட் கேப்பிட்டல் என்ற பங்கு வர்த்தக நிறுவனம் சுமார் 45 நிமிடத்தில் 46 கோடி டாலருக்கும் மேல் இழந்தது. 8 சர்வர்களில் புதிய கோட் ஏற்ற வேண்டியவர்கள் ஒன்றில் ஏற்றாமல் விட்டார்கள். அந்த ஒன்றில் பல வருடங்களாகப் பயன்படாமல் கிடந்த பழைய கோட் உயிர்பெற்று, ஆர்டர்களை அள்ளி வீசியது. என்னை மிகவும் பாதிப்பது அதற்கு முந்தைய பகுதி. சந்தை திறப்பதற்கு முன்பே அந்த சிஸ்டம் ஊழியர்களுக்கு 97 மின்னஞ்சல்கள் அனுப்பியிருந்தது, ஏதோ பிழை என்று. அவை எச்சரிக்கையாக வடிவமைக்கப்பட்டவை அல்ல, யாரும் அவற்றை வைத்து ஒன்றும் செய்யவில்லை. கெட்ட செய்தி நேரத்துக்கு வந்திருக்கிறது. அதை வாங்க ஆள் இல்லை.

இரண்டாவது, 2017 ஜனவரி 31 அன்று புரோகிராம்களைச் சேமித்துவைக்கும் சேவை தரும் கிட்லேப் கம்பெனியில் நடந்தது. ராத்திரி நேரம், நீண்ட வேலைக்குப் பிறகு, ஒரு பொறியாளர் தவறான டேட்டாபேஸ் சர்வரில் அழிக்கும் கட்டளையைக் கொடுத்துவிட்டார். சுமார் 300 ஜிகாபைட் இருந்த இடத்தில் 4.5 ஜிகாபைட் மிஞ்சியது. பேக்கப் இருக்கிறதே என்று போய்ப் பார்த்தால், அது பல நாளாகவே தோல்வியடைந்துகொண்டிருந்திருக்கிறது. தோல்வி என்று சொல்லும் மின்னஞ்சல்கள்கூட மெயில் சர்வரால் நிராகரிக்கப்பட்டதால் யாருக்கும் போய்ச் சேரவில்லை. வேறொரு வேலைக்காக ஒருவர் கையால் எடுத்துவைத்த, சுமார் 6 மணி நேரம் பழைய ஸ்னாப்ஷாட் (டேட்டாவின் நகல்) ஒன்றுதான் காப்பாற்றியது. அதன்பிறகு அவர்கள் நடந்துகொண்ட விதம் எனக்குப் பெரிய பாடம். மீட்பு வேலையை யூடியூபில் நேரலையாகக் காட்டினார்கள். முழு விவரத்தையும் எழுதி வெளியிட்டார்கள். அதில் அந்தப் பொறியாளரின் பெயர் இல்லை. "டீம் உறுப்பினர் 1" என்றுதான் இருக்கும்.

இந்த இரண்டையும் படித்த பிறகு எங்கள் டீமில் ஒரு வேலை செய்தோம். எங்களுக்கு வந்துகொண்டிருந்த எல்லா அலெர்ட் மின்னஞ்சல்களையும் வரிசையாக எடுத்து, "இது வந்தால் யார் என்ன செய்ய வேண்டும்?" என்று கேட்டோம். பதில் இல்லாதவற்றை நிறுத்தினோம். மிஞ்சியவற்றுக்கு ஆள் போட்டோம். பேக்கப்பை மாதம் ஒருமுறை வேறொரு சர்வரில் ஏற்றிப் பார்ப்பதை யாராவது ஒருவரின் வேலையாக எழுதிவைத்தோம். ஏற்றிப் பார்க்காத பேக்கப்பை நான் பேக்கப் கணக்கில் சேர்ப்பதில்லை.

ஹார்வர்டைச் சேர்ந்த ஏமி எட்மண்ட்சன், 1990-களில் மருத்துவமனைகளில் மருந்துப் பிழைகளை ஆராய்ந்தபோது, நன்றாக வழிநடத்தப்பட்ட பிரிவுகளில்தான் பிழைகள் அதிகம் பதிவானதைக் கண்டார். அங்கே வேலை மோசம் என்று அர்த்தம் இல்லை, பிழையைப் பற்றிப் பேசப் பயம் இல்லை என்றே அவர் விளக்கினார். ஒரு லீட் தன் டீமின் பக் (பிழை) எண்ணிக்கையைப் பார்க்கும்போது இது நினைவில் இருக்க வேண்டும். எண்ணிக்கை குறைந்துகொண்டே போனால் நான் சந்தோஷப்படுவதற்கு முன் ஒருமுறை விசாரிப்பேன்.

சரி, தினசரி என்ன செய்யலாம்? ஸ்டாண்டப்பில் "ஏதாவது பிரச்சினை இருக்கா?" என்று கேட்டால் நம் பிள்ளைகள் "இல்லை" என்றுதான் சொல்வார்கள். சின்ன வயதிலிருந்து வகுப்பில் "புரிஞ்சுதா?" என்றால் "புரிஞ்சுது சார்" என்று கோரஸாகச் சொல்லியே வளர்ந்தவர்கள் நாம். அதனால் நான் கேள்வியை மாற்றிக்கொண்டேன். "இதுல உனக்கு ரொம்பச் சந்தேகமா இருக்கிற பகுதி எது?" இதற்கு "இல்லை" என்று பதில் சொல்வது கடினம். அப்புறம், அனுபவம் குறைந்தவரிலிருந்து ஆரம்பிப்பேன், என் கருத்தைக் கடைசியில்தான் சொல்வேன். லீட் முதலில் வாயைத் திறந்தால், பிறகு வருவது எல்லாம் அதற்கு ஆமாம் போடுவதாகிவிடும்.

மொழி விஷயத்திலும் எனக்கு உறுதியான கருத்து உண்டு. தமிழ் மீடியத்தில் படித்து, சின்ன ஊர்களிலிருந்து வருகிற பிள்ளைகள் பலருக்கு லாஜிக் அபாரமாக வரும். ஆங்கிலத்தில் சொல்ல வேண்டும் என்கிறபோது பாதியை விழுங்கிவிடுவார்கள். அந்த விழுங்கிய பாதியில்தான் பெரும்பாலும் பிரச்சினை இருக்கும். "முதல்ல தமிழ்ல சொல்லு, அப்புறம் டிக்கெட்ல இங்கிலீஷ்ல எழுதலாம்" (டிக்கெட் என்பது பிரச்சினையைப் பதிவு செய்யும் குறிப்பு) என்றால் முழுதாக வரும். டீமில் தெலுங்கு, ஹிந்தி பேசுகிறவர்களும் இருக்கும்போது எல்லார் முன்னாலும் தமிழில் பேசினால் அவர்கள் வெளியே நிற்க வேண்டியதாகும். அதனால் தனியாக உட்காரும்போது அவரவர்க்கு வசதியான மொழி, கூட்டத்தில் எல்லாருக்கும் தெரிந்த மொழி. என் வாயில் வராத மொழிக்காரருக்கு, அந்த மொழி தெரிந்த சீனியர் ஒருவரைப் பக்கத்தில் உட்கார வைத்தேன்.

கிளையன்ட்டுடனான போன் காலில் நடக்கும் அவசர "யெஸ்" இன்னொரு ஆபத்து. அந்தப் பக்கம் ஒருவர், "வெள்ளிக்கிழமைக்குள் முடியுமா?" என்று கேட்பார். இந்தப் பக்கம் இருக்கிற இளம் டெவலப்பர் முடியும் என்றுவிடுவார், மறுத்துப் பேசுவது மரியாதை இல்லை என்ற நினைப்பில். போன் காலுக்கு முன்பே டீமோடு பேசிவைத்துவிடுங்கள்: தேதி கேட்டால், "பார்த்துட்டு நாளைக்குச் சொல்றோம்" என்பதுதான் பதில். மறுநாள் கட்டாயம் சொல்லியும் விட வேண்டும். இந்த ஒரு ஏற்பாட்டால் எத்தனையோ சனிக்கிழமைகள் எங்களுக்கு மிச்சமாயின. போன் கால் நேரத்தையும் கவனியுங்கள். நியூயார்க்கில் காலை 10 மணி என்றால் கோடையில் நமக்கு இரவு 7:30, நவம்பரில் அவர்கள் கடிகாரத்தை மாற்றியதும் 8:30. கைக்குழந்தை வைத்திருப்பவருக்கும், தாம்பரம் தாண்டிப் போகிறவருக்கும் அந்த ஒரு மணி நேரம் பெரிய விஷயம். நாங்கள் முறை வைத்துக்கொண்டோம், என் பெயரும் அந்த முறையில் உண்டு.

கோட் ரிவ்யூவில் (ஒருவர் எழுதிய கோட்டை இன்னொருவர் சரிபார்ப்பது) நான் எழுதியதை டீமிலேயே இளையவர் பார்க்க வேண்டும் என்று வைத்தேன். முதலில் எல்லாரும் "நல்லா இருக்கு" என்றே எழுதினார்கள். "ஒரு கேள்வியாவது கேட்காமல் அப்ரூவ் பண்ணக் கூடாது" என்றதும் கேள்விகள் வந்தன. அவற்றில் சில, நான் மறுபடி எழுத வேண்டிய அளவுக்கு நல்ல கேள்விகள். என் கோடிலேயே கேள்வி கேட்கலாம் என்று ஆனபிறகு, சீனியர்களின் கோடில் கேட்பதற்கு யாரும் தயங்கவில்லை.

செய்தி தாமதமாக வந்தால் என்ன ஆகும்? மேலே இருக்கிறவர்கள் உடனே கொடுக்கும் மருந்து, இன்னும் நாலு பேர். தாமதமான மென்பொருள் திட்டத்தில் ஆள் சேர்த்தால் அது மேலும் தாமதமாகும் என்று, ஐ.பி.எம்.மில் ஓ.எஸ்/360 என்ற ஆப்பரேட்டிங் சிஸ்டம் திட்டத்தை நடத்திய ஃபிரெட் புரூக்ஸ் 1975-லேயே எழுதிவிட்டார். கணக்கும் எளிது. 5 பேர் இருந்தால் இருவர் இருவராகப் பேசிக்கொள்ள 10 ஜோடி. 10 பேர் என்றால் 45 ஜோடி. புதிதாக வந்தவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க, வேலை தெரிந்தவர்கள்தான் தங்கள் வேலையை விட்டு எழ வேண்டும். இரண்டு மாதம் முன்பே தெரிந்திருந்தால் ஆள் சேர்ப்பது உண்மையிலேயே உதவும். இரண்டு வாரம் இருக்கும்போது வேலையைக் குறைப்பதைத் தவிர வேறு வழி இல்லை.

அதனால் கீழிருந்து எனக்கு வருவதை நான் மேலே கொண்டுபோவதும் அதே வேகத்தில் நடக்க வேண்டும். மேனேஜருக்கு எழுதும்போது நான்கைந்து வரிக்கு மேல் போவதில்லை. என்ன நடந்தது, யாருக்கு என்ன பாதிப்பு, நம் முன் இருக்கும் வழிகள் எவை, நான் எதைச் சிபாரிசு செய்கிறேன், உங்களிடம் எந்த முடிவு எப்போதைக்குள் வேண்டும். தேதி தள்ளுவது, இந்த ரிலீஸில் ஒரு பகுதியை விடுவது என்று வழிகளோடு போனால், கோபப்படுகிற மேனேஜரும் முடிவெடுக்க ஆரம்பித்துவிடுகிறார். டெவலப்பரின் பெயரை அந்த மெயிலில் எழுத மாட்டேன். பெயர் கேட்டால், "டீமோட பொறுப்பு, என்கிட்ட பேசுங்க" என்பேன். இதில் விட்டுக்கொடுத்தால் கீழே கட்டிய நம்பிக்கை முழுவதும் ஒரே நாளில் போய்விடும்.

இப்படி நடக்கும் டீமில் வேறொரு நன்மையும் உண்டு. ராஜினாமாவும் முன்கூட்டியே வரும். 90 நாள் நோட்டீஸ் பீரியட் இருந்தும், கடைசி வாரத்தில் அவசர அவசரமாக நாலு மீட்டிங் வைத்து கே.டி. (தெரிந்த வேலையை அடுத்தவருக்குச் சொல்லிக்கொடுப்பது) கொடுத்துவிட்டுப் போவதைத்தான் பல இடங்களில் பார்த்திருக்கிறேன். என்னிடம் ஒருவர், ஆஃபர் கைக்கு வருவதற்கு முன்பே, "வேற இடம் பார்க்குறேன், பேட்ச் ஜாப் பகுதி எனக்கு மட்டும்தான் தெரியும், யாருக்காவது சொல்லித் தரட்டுமா?" என்று கேட்டார். அவர் சொன்னதை நான் மேலே சொல்லவில்லை. அந்தப் பகுதியை இன்னொருவர் அவருடன் சேர்ந்து பார்க்கும்படி மாற்றினேன். அவர் போன அன்று யாருக்கும் பதற்றம் இல்லை. அதற்கு முந்தின பொங்கலுக்கு அவர் முதல்முறையாக முழு விடுமுறை எடுத்து ஊருக்குப் போய் வந்தார்.

எனக்கு இன்னும் சவாலாக இருப்பது அப்ரைசல், அதாவது வருடாந்தர மதிப்பீடு. வருட முடிவில் ஆட்களை வரிசைப்படுத்தும் மீட்டிங்கில், ராத்திரி முழுக்க உட்கார்ந்து தீயணைத்தவரின் பெயர் எல்லாருக்கும் நினைவிருக்கும். தீ பிடிக்காமல் முதல் நாளே சொன்னவரின் பெயர் யாருக்கும் நினைவிருக்காது, ஏனென்றால் அன்று ஒன்றும் நடக்கவில்லை. அதற்காக நான் ஒரு குறிப்பு வைத்திருக்கிறேன். யார், எந்தத் தேதியில், எந்தப் பிரச்சினையைக் கொண்டு வந்தார், அது அப்படியே போயிருந்தால் எத்தனை க்ளெய்ம் பாதித்திருக்கும் என்று அன்றன்றே ஒரு வரி எழுதிவிடுவேன். திருவாரூர்ப் பையனுக்கு அந்த வருடம் நல்ல ரேட்டிங் வாங்கித் தர உதவியது அந்த ஒரு வரிதான். எல்லாருக்கும் என்னால் வாங்கித் தர முடிந்ததில்லை. முடியாதபோது, அந்த வரியை அவர்களிடமே படித்துக் காட்டி, மீட்டிங்கில் இதை எங்கே, எப்படி முன்வைத்தேன், என்ன பதில் வந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். அதுவும் ஒரு கெட்ட செய்திதான், அவர்கள் அதை முதலில் என்னிடமிருந்து கேட்க வேண்டும்.